மனச்சோர்வின் அளவுகோலை ஊருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் கையேட்டுக்கு முன்னால் இருந்த ஐந்து வழிகள்

அக்காவுக்குத் தூக்கம் போய் நாலு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே போய் வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஓ.பி. சீட்டில் இரண்டு மாத்திரையின் பெயர், மேலே மூலையில் ‘எஃப் 32.1’ என்று ஒரு எழுத்தும் எண்ணும். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் நின்றபோது அக்கா அந்த மூலையைத் தொட்டுக் காட்டி, “இது எந்த ரூம்டா?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வார்டு நம்பராக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் மிதமான மனச்சோர்வுக்கு வைத்திருக்கும் குறியீடு அது. லேசானது 32.0, கடுமையானது 32.2. இதை நான் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அவளைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ‘வேலைக்கு வணங்கல’ என்றோம். ‘நடிக்கிறா’ என்றோம். அப்பா ஒரு படி மேலே போய், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். மாத்திரை மூன்றாவது வாரத்தோடு நின்றுபோனது. எதற்குச் சாப்பிடுகிறோம் என்று தெரியாத மாத்திரையை யார்தான் தொடர்ந்து சாப்பிடுவார்கள்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, நோயின் தன்மை, தரப்போகும் சிகிச்சை, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உரிமை தந்திருக்கிறது. அவர்களுக்குப் புரிகிற மொழியில், புரிகிற வடிவத்தில் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. அக்கா சீட்டு வாங்கிய அன்று இந்தச் சட்டம் அமலில் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது.

இப்போது எங்கள் ஒன்றியத்தில் ஆறு பேர் சேர்ந்து, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் கையில் கொடுக்க 16 பக்கத்தில் ஒரு மனநலக் கையேடு தயாரிக்கிறோம். ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், ஒரு தமிழாசிரியை, குழுக்களின் கணக்கு எழுதும் இரண்டு பெண்கள், நான், அக்கா. முதல் நாலு பக்கம் மனச்சோர்வுக்கு என்று ஒதுக்கியாயிற்று. ‘இது வெறும் கவலையா, நோயா’ என்று மருத்துவர் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்கிறாரோ, அதே அளவுகோலை அந்த நாலு பக்கத்தில் எந்த வடிவத்தில் சொல்வது என்பதில்தான் மூன்று மாதமாக வாதம். இதே வேலையில் இறங்கப்போகும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று அந்த வாதத்தை எழுதிவைக்கிறேன்.

கட்டிலின் நாலு கால்

அளவுகோலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மனச்சோர்வுக்குப் பத்து அறிகுறிகள். மனம் இருண்டு கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, கவனம் நிலைக்காதது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் அல்லது தகாத குற்ற உணர்ச்சி, இனி நல்லது நடக்காது என்ற நம்பிக்கையிழப்பு, சாவைப் பற்றிய நினைப்பு, தூக்கம் கெடுவது அல்லது மிதமிஞ்சித் தூங்குவது, பசியோ எடையோ மாறுவது, நிலைகொள்ளாமல் தவிப்பது அல்லது அசைவே மந்தமாவது, உடம்பில் தெம்பில்லாமல் போவது. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஒன்பதுதான். நம்பிக்கையிழப்பு அங்கே தனி அறிகுறி இல்லை. மற்றபடி கணக்கு ஏறத்தாழ ஒன்றே.

அறிகுறிப் பட்டியலை யாரும் எளிதாக எழுதிவிடலாம். பட்டியலைச் சுற்றி இருக்கிற நிபந்தனைகள்தான் தொலைந்துபோகின்றன. எத்தனை நாள்: கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம். எத்தனை அறிகுறி: ஒன்றிரண்டு போதாது. எவ்வளவு பாதிப்பு: வீடு, வேலை, உறவு, படிப்பு இவற்றில் ஏதோ ஒன்றாவது நொடித்திருக்க வேண்டும். கடைசியாக விலக்கு: துக்கமோ, வேறு உடல்நோயோ, மருந்தோ, போதையோ, வேறொரு மனநோயோ இதை விளக்கிவிடக் கூடாது. கட்டிலுக்கு நாலு கால் மாதிரி இந்த நாலும். ஒரு காலை எடுத்தாலும் கட்டில் சாயும். ‘இந்த அஞ்சு அறிகுறி இருந்தா உங்களுக்கு டிப்ரெஷன்’ என்று முப்பது வினாடியில் முடிகிற ரீல்ஸ் பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கிற கட்டில்தான்.

எங்கள் முன் இருந்த ஒவ்வொரு வழியையும் இந்த நாலு காலை வைத்தே பார்த்தோம்.

அப்படியே மொழிபெயர்ப்பது

தமிழாசிரியை இதைத்தான் விரும்பினார். “நாம யாரு சுருக்குறதுக்கு? டாக்டர் படிக்கிறதையே ஜனங்களும் படிக்கட்டும்” என்றார். நியாயம் இருக்கிறது. நாலு காலும் அப்படியே நிற்கும். யாரும் குறை சொல்ல முடியாது.

அவரே ஒரு பக்கம் மொழிபெயர்த்துவந்து குழுக் கூட்டத்தில் வாசித்தார். ‘செயல்பாடுகளில் ஈடுபாடு அல்லது இன்பம் குறிப்பிடத்தக்க அளவில் குறைதல்.’ நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கையைத் தூக்கினார். “டீச்சர், இன்பம்னா என்ன அர்த்தத்துல சொல்றீங்க?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. சொல் கடினமாக இருந்ததோடு சிக்கல் முடியவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து, நூறு நாள் வேலைக்குப் போய்வந்து, மாட்டைக் கட்டிவிட்டுப் படுக்கிற பெண்ணிடம் ‘உனக்குப் பிடித்த செயல்பாடு எது’ என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. இன்பத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிவைத்த வாழ்க்கையைப் பார்த்து எழுதிய வாக்கியம் அது.

துக்கத்தின் கணக்கும் இடறுகிறது. எங்கள் பக்கம் பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை சாவு விழுந்த வீட்டில் அடுப்பில் மனமில்லை, சோறு இறங்காது, தூக்கம் கிடையாது, சிலருக்கு ‘நான் முன்னாடியே பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே’ என்ற உறுத்தல். ‘இரண்டு வாரம்’ என்பதை மட்டும் எடுத்துப் போட்டால், கருமாதி முடிவதற்குள் வீட்டில் பாதிப் பேர் நோயாளி. பதினோராம் பதிப்பு இதை யோசித்திருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் மனச்சோர்வைக் கணிக்க, இழப்புக்குப் பிறகு ஒரு மாதமோ அதற்கு மேலோ அறிகுறிகள் நீடிக்க வேண்டும், இறந்தவரோடு சம்பந்தமில்லாத குற்ற உணர்ச்சி, தன்னையே துச்சமாக நினைப்பது போன்ற கடுமையான அடையாளங்களும் வேண்டும் என்கிறது. அமெரிக்கக் கையேடோ 2013-ல் துக்கத்துக்கென்று வைத்திருந்த விதிவிலக்கையே எடுத்துவிட்டது. முடிவை மருத்துவரின் கணிப்புக்கு விட்டது. எங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நுணுக்கம் அசல் நூலில் தனிக் குறிப்பாக வேறொரு பத்தியில் இருக்கிறது. பட்டியலை மட்டும் மொழிபெயர்ப்பவர் கண்ணில் அது படாது.

இந்த வழிக்கு ஒரே ஒரு இடத்தில் நான் ஓட்டுப் போடுவேன்: ஏற்கெனவே கணிப்பு கிடைத்தவர், ‘எனக்கு என்ன என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்று கேட்கும் இடம். அவருக்கு முழு அளவுகோலும் தமிழில் கையில் கிடைக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஒரு ஆளோடு. அக்காவுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஒன்பது கேள்வித் தாள்

செவிலியரின் விருப்பம் பி.ஹெச்.க்யூ.–9. ஒன்பது அறிகுறிக்கு ஒன்பது கேள்வி; ‘கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்’ என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 27. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று படிப்படியாகக் கடுமை ஏறும். 2001-ல் வெளியானது. உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்பிட்சர்தான் 1980-ல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்புக்குத் தலைமை தாங்கியவர். அறிகுறிகளை எண்ணிக் கணிக்கிற முறையை அந்தப் பதிப்பு பரவலாக்கியது. அந்த அளவுகோலையே சாமானியர் நிரப்பும் தாளாக இது மாற்றுகிறது என்று சொல்லலாம். காசு கட்டவும் வேண்டாம், அனுமதி கேட்கவும் வேண்டாம். தமிழிலும் கிடைக்கிறது.

நாளும் எண்ணிக்கையும் இதில் உறுதியாக நிற்கின்றன. பாதிப்பு பற்றித் தாளின் அடியில் ஒரு கேள்வி உண்டு; அதற்கு மதிப்பெண் கிடையாது, அதனால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விலக்கு என்ற நாலாவது கால் தாளிலேயே இல்லை, அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இங்கே அது சின்ன விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. தெம்பில்லை, பசியில்லை, தூக்கம் சரியில்லை, கவனம் நிற்கவில்லை: நாலு கேள்விக்கும் ரத்தசோகைக்காரப் பெண் மூன்று மூன்று போட்டால் பன்னிரண்டு வந்துவிடும். அவளுக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை.

இன்னொரு கணக்கையும் செவிலியரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். முதல் ஆய்வில், பத்தும் அதற்கு மேலும் வாங்கினால் நோய் என்று வைத்துக்கொண்டால், நோய் உள்ளவர்களில் 88 சதவீதம் பேரைத் தாள் சரியாகப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் நூறு பெண்கள் நிரப்புகிறார்கள், அதில் பத்துப் பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். மீதி தொண்ணூறு பேரில் சுமார் பதினோரு பேரும் பத்தைத் தாண்டுவார்கள். ஆக, தாள் கைகாட்டும் இருபது பேரில் பதினோரு பேருக்கு நோய் இல்லை. செவிலியர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “அப்ப இது சல்லடைதான், தராசு இல்ல” என்றார். அதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. சலித்தபின் எடைபோட ஒரு ஆள் இருக்கிற இடத்தில்தான் சல்லடைக்கு வேலை.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று அது கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆனால் ஒரு பெண் தனியாக, ராத்திரி, வீட்டில் உட்கார்ந்து அதில் 3 என்று போடுகிறாள். அந்த நிமிடம் அவளுக்கு எதிரில் வெறும் காகிதம்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தாளைக் கையேட்டில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்ப நான் சம்மதிக்கவில்லை.

ஊர்ச் சொல்லில் தொடங்குவது

ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று பொருள். தொண்ணூறுகளில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அங்குள்ளவர்களும் தலைநகர் ஹராரேயில் நோயாளிகள் தங்கள் துன்பத்தைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களிலிருந்தே ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லும் 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். பின்னால் அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ திட்டத்தில், சுகாதார நிலைய வளாகத்து மரபெஞ்சில் உட்கார்ந்து பாட்டிமார்கள் கேட்டது இந்தக் கேள்விகளைத்தான். 2016-ல் வெளியான அதன் சோதனை 24 சுகாதார நிலையங்களில், 573 பேரிடம் நடந்தது. புத்தகத்திலிருந்து ஊருக்கு வராமல், ஊரிலிருந்து புத்தகத்துக்குப் போன பாதை என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தது.

நாங்களும் முயன்றோம். குழுக் கூட்டங்களில் ‘மனசு சரியில்லாதப்ப என்ன சொல்வீங்க’ என்று கேட்டதில் ஒரு நோட்டு நிறைந்தது. ‘ஒரே யோசனையா இருக்கு’, ‘நெஞ்சு கனக்குது’, ‘எதுலயும் ஒட்டல’, ‘வெறுத்துப் போச்சு’, ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி’, ‘யாரு மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கல’. புத்தகச் சொல்லைவிட இவை எத்தனை துல்லியம்! ‘எதுலயும் ஒட்டல’ என்பதைவிட நாட்டமின்மைக்கு நல்ல தமிழ் எனக்குத் தெரியாது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஊர்ச் சொல்லுக்கு எல்லைக்கோடு கிடையாது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எங்கள் பக்கம் சொல்வது கை நடுக்கத்திலிருந்து ஆண்மைக்குறைவு விளம்பரம் வரை எல்லாவற்றுக்கும் ஓடும். ‘மன அழுத்தம்’ இன்னும் மோசம். பத்தாம் வகுப்புத் தேர்வுப் பயத்துக்கும் பத்திரிகைகள் அதைத்தான் எழுதுகின்றன, தற்கொலைச் செய்தியிலும் அதையேதான் எழுதுகின்றன. நெருக்கடி, நோய் இரண்டுக்கும் ஒரே சொல். ‘மனச்சோர்வு’ பரவாயில்லை, ஆனாலும் ‘சோர்வுதானே, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாப்போகும்’ என்று தோன்றிவிடுகிறது. கடைசியில் தலைப்பில் ‘மனச்சோர்வு நோய்’ என்றும், அதன் கீழேயே ‘டாக்டர் இதை டிப்ரெஷன் என்பார்’ என்றும் போட முடிவெடுத்தோம். ஆசிரியைக்கு அந்த ஆங்கிலச் சொல் கசந்தது. சீட்டிலும் டாக்டர் வாயிலும் வரப்போகும் சொல்லை நாம் மறைத்தால் அக்கா பட்ட பாட்டை இன்னொருத்தி படுவாள் என்று சொன்னதும் விட்டுக்கொடுத்தார்.

பெயருக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு நாம் சொல்லும் ‘மனச்சிதைவு’ போலவே அங்கும் ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. 2002-ல் அதை ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்று பொருள்படும் பெயருக்கு மாற்றினார்கள். தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்ட நோயாளிகளின் அளவு அந்த ஆண்டு ஏறத்தாழ 37 சதவீதமாக இருந்தது. இரண்டே ஆண்டில் 70 சதவீதத்தை நெருங்கியது. பழைய பெயரை மருத்துவர்களாலேயே நோயாளி முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்திருக்கவில்லை. தமிழில் ‘சிதைவு’ என்ற சொல்லை நாம் எப்போது மாற்றப்போகிறோமோ.

கதையாகச் சொல்வது

நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் செய்து பார்த்த வழி இது. நோயின் பெயரும் பட்டியலும் இல்லாமல், ஒரு பத்தியில் ஒரு மனிதரின் கதை, கூடவே படங்கள். சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு, தங்கள் அன்றாட வேலையினூடே ‘இந்தக் கதைக்கு ஒத்த ஆள் யாராவது இருக்கிறாரா’ என்று பார்ப்பார்கள். ஒத்துப்போனால் இரண்டே கேள்வி: இதனால் அவருடைய அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா? அவருக்கு உதவி வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள்.

2015-ல் வெளியான ஆய்வில், அந்தப் பெண்கள் ‘இவருக்கு இருக்கிறது’ என்று அடையாளம் காட்டியவர்களில் 64 சதவீதம் பேருக்கு மருத்துவக் கணிப்பும் அதையே சொன்னது. ‘இல்லை’ என்றவர்களில் 93 சதவீதம் சரி. பிறகு பார்த்தபோது, அப்படி அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் உண்மையில் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். இந்தியாவின் நிலைமையோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிது! தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை என்றது.

நேபாளிகள் பேசும் விதத்திலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அவர்களுக்கு ‘மன்’ வேறு, ‘திமாக்’ வேறு. மன் வாடியிருக்கிறது என்று யாரும் கூசாமல் சொல்வார்கள். திமாக் கெட்டுவிட்டது என்றால் பைத்தியம் என்று அர்த்தம், குடும்பத்துக்கே அவமானம். நம்மிடமும் அப்படித்தானே? ‘மனசு சரியில்ல’ என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லலாம். ‘புத்தி சரியில்ல’ என்றால் கல்யாணம் நின்றுபோகும். கையேடு முழுக்க மனசு என்ற சொல்லே வர வேண்டும், மூளையும் புத்தியும் வரக் கூடாது என்று அன்றே எழுதிவைத்தோம்.

நாங்கள் எழுதிய முதல் கதை இது:

‘செல்வி நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள். ஆடி பிறந்ததிலிருந்து தண்ணீர் தெளிப்பதோடு சரி. ஆவணி வந்தும் கோலம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு விடிகிற வரை மோட்டுவளைதான். சோறு இறங்கவில்லை, ஜாக்கெட் தொளதொளத்துவிட்டது. குழுக் கணக்கை நாலு தடவை கூட்டியும் தொகை வரவில்லை. “என்னாலதான் இந்த வீட்டுக்குத் தரித்திரம்” என்கிறாள். சமைக்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். ஆனால் ஒரு பானையைக் கழுவி வைப்பதற்குள் மலையைப் புரட்டிய மாதிரி இருக்கிறது அவளுக்கு.’

கோலம் நின்றது நாட்டமின்மை. தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்ச்சி சேர்த்து ஐந்து. ஆடியிலிருந்து ஆவணி என்பதில் நாள் கணக்கு வந்துவிட்டது. கடைசி வரிக்காகத்தான் அதிகம் போராடினோம். ‘வேலை செய்ய முடியவில்லை’ என்று எழுதினால் எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் தேறமாட்டாள். எந்த நோயிலும் அவர்கள் சமையலை நிறுத்துவதில்லை, நிறுத்த விடுவதுமில்லை. பதினோராம் பதிப்பில் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருப்பதைக் கண்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைகள் தொடர்ந்து நடந்தாலும், மிகக் கூடுதலான பிரயத்தனத்தால்தான் நடக்கின்றன என்றால் அதையும் பாதிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அக்கா கடைசி வரை சமைத்தாள். அதைக் காட்டித்தான் நாங்கள் அவளை நடிக்கிறாள் என்றோம்.

கதைக்கும் ஆபத்து உண்டு. ஒன்பது அறிகுறியில் ஐந்து, அதில் இரண்டில் ஒன்று கட்டாயம் என்ற அமெரிக்கக் கணக்கில், நோய் 227 விதமான சேர்க்கைகளில் வரலாம். இரண்டு நோயாளிகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு அறிகுறிதான் இருக்கும் என்பதும் சாத்தியம். ஒரு கதை அந்த 227-ல் ஒன்றைத்தான் காட்டும். செல்வியைப் படித்துவிட்டு, ‘நான் நல்லாத் தூங்குறேனே, அப்ப எனக்கு இல்ல’ என்று ஒருத்தி மூடிவைத்துவிட்டால்? அதனால் நாலு கதை வைத்தோம். செல்வி; எரிந்து எரிந்து விழுகிற பதினாறு வயதுப் பையன் (சிறுவர்களிடம் மனம் இருள்வது எரிச்சலாகவே வெளிப்படலாம் என்று அளவுகோலே சொல்கிறது); பகலெல்லாம் தூங்கி வழிகிற, குழந்தை பெற்று இரண்டு மாதமான பெண்; உடம்பு வலி என்று ஊர் ஊராக ஸ்கேன் எடுக்கும் பெரியவர்.

இரண்டாவது ஆபத்து, கதையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஆள் தேடுவது. “இது நம்ம கடைசி வீட்டு மருமகதானே” என்று ஒரு குரல் கூட்டத்திலேயே கேட்டது. நேபாளத்துத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றவர்கள். தனியாகப் பேசி, சம்மதம் கேட்டுச் செய்தார்கள். பயிற்சியில்லாத எங்கள் குழுவில் அதை அப்படியே செய்தால் ஒரு வீட்டின் மானம் போகும். ஆகவே ‘உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அம்புக்குறிப் படம்

உலக சுகாதார நிறுவனம் மனநல நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கென்று 2010-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, 2016-ல் அதன் இரண்டாம் பதிப்பு. ‘ஆம் என்றால் இப்படிப் போ, இல்லை என்றால் அப்படிப் போ’ என்று அம்புக்குறிகளால் ஆனது. நாங்கள் பார்த்தவற்றில் நாலாவது காலை ஒழுங்காக வைத்திருக்கும் எளிய வடிவம் இது ஒன்றுதான். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா? கடந்த ஆறு மாதத்தில் பெரிய இழப்பா? முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில், கட்டுமீறிச் செலவு செய்து, ஓயாமல் பேசித் திரிந்ததுண்டா? கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் இப்படி மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்காரருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் நிலைமை மறுபக்கம் புரண்டுவிடலாம். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இந்தப் படம் பயன்படாது. மூன்றாவது அம்புக்குறியில் கண் திசைமாறிவிடுகிறது. செவிலியர் மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைக்க ஏற்றது.

நாங்கள் எடுத்த முடிவு

கையேட்டில் கதை. கதையின் சொற்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்த ஊர்ச் சொற்கள். ஒவ்வொரு கதைக்கும் கீழே மூன்று வரி மட்டும்: இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டதா? வேலையும் உறவும் கெட்டிருக்கிறதா, அல்லது எல்லாம் பெரும்பாடாக இருக்கிறதா? சமீபத்தில் வீட்டில் சாவு விழுந்திருந்தால், ஒரு மாதம் கழிந்தும் தணியவில்லையா? அதன்கீழே, இது நோயா என்று முடிவு செய்கிறவர் மருத்துவர், முதலில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள் என்ற வரி. பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி–மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுச்சுன்னா கதை எதுவும் ஒத்துவரணும்னு இல்ல, இப்பவே கூப்பிடுங்க’ என்று அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

ஒன்பது கேள்வித் தாள் செவிலியர் கையில் இருக்கும்; கதையைப் படித்துவிட்டு வருகிறவரிடம் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார், ஒன்பதாவது கேள்விக்கு வரும் பதிலை அவரே வாங்கிக்கொள்வார். அம்புக்குறிப் படம் அவர் மேசையில். முழு மொழிபெயர்ப்பு, ஆசிரியையின் உழைப்பு, பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்; கணிப்புச் சீட்டோடு வந்து கேட்பவருக்குக் கொடுக்க. அதன் முதல் பக்கத்தில் குறியீடுகளின் பட்டியல் இருக்கிறது. எஃப் 32.1-ம், புதிய பதிப்பில் அதற்கு ஈடான 6ஏ70.1-ம்.

பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ எழுதுகிறவர்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். ஆலோசகர் ஒருவர் அதே கட்டடத்தில் இருக்கிறார் என்றால் கேள்வித் தாளையே முன்னால் வைக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, அருகில் உள்ள மனநல மருத்துவர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அச்சுக்கு அனுப்பும் முன் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள். இரண்டாம் முறை கூட்டிப்போன இடத்தில் ஒரு பெண் மருத்துவர் இருபது நிமிடம் விளக்கினார், மாத்திரையை ஒன்பது மாதம் விடாமல் சாப்பிட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு செல்வியின் கதையை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் படித்தாள். பிறகு என் பேனாவை வாங்கி ‘ஒரு பானையைக் கழுவி வைப்பதற்குள் மலையைப் புரட்டிய மாதிரி’ என்ற வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: ‘உலை கொதிச்சு வழியறது தெரியும். இறக்கணும்னும் தெரியும். கை நகராது.’